மூலமறியா ஒலிகள்: மின்னணு இசையின் தொடக்கக் காலமும் அச்சத்தின் ஈர்ப்பும்

இசை என்பது செவிக்கு இன்பம் பயப்பது என்னும் கருத்து எல்லா நாடுகளிலும் வேரூன்றிய ஒன்று. பண்ணும் தாளமும் பொருந்த, குரலும் கருவியும் இயைய, கேட்போர் உள்ளம் அமைதியுறுவதே இசையின் பயன் என்று பலரும் கொண்டுள்ளனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய வானொலி நிலையங்களில் தோன்றிய ஓர் இசைவகை இக்கருத்துக்கு மாறாக நின்றது. அதில் மேடையேறிப் பாடுவோர் இல்லை; கருவி இசைப்போர் இல்லை; கேட்டபின் முணுமுணுக்கத்தக்க மெட்டும் பெரும்பாலும் இல்லை. ஒலிநாடாவில் பதிந்த துண்டு ஒலிகளும், மின்சுற்றுகள் எழுப்பிய ஊளைகளும் முனகல்களுமே அதன் மூலப்பொருள்கள். கேட்டோர் பலர் முகம் சுளித்தனர்; சிலர் அஞ்சினர். ஆயினும் அஞ்சியவருள் பலர் அதனை மீண்டும் கேட்க விரும்பினர். அஞ்சச் செய்யும் ஒலி ஈர்ப்பது எங்ஙனம்? அவ்வொலியை ஆக்கியோர் யாவர்? அவர்களை வரலாறு எவ்வாறு நடத்தியது? இவ்வினாக்களை, சிறப்பாகப் பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனத்தில் இயங்கிய ரேடியோஃபோனிக் பட்டறையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சமும் மருட்கையும்

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து அச்சத்தையும் மருட்கையையும் தனித்தனியே வைக்கிறது. அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கும், மருட்கை பிறக்கும் களங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் கூறப்படுகின்றன. இவற்றுள் அணங்கும் புதுமையும் ஈண்டு உற்று நோக்கத்தக்கவை. அணங்கு கண்ணுக்குப் புலனாகாதது. இருப்பதை உணரலாம், இன்னது என்று சுட்ட இயலாது. புதுமை கண்டறியாதது, அதனால் வியப்பைத் தருவது. காணாதது அச்சம் தரும். கண்டறியாதது வியப்புத் தரும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வெளி மிகக் குறுகியது. மின்னணு இசையின் முன்னோடிகள் அந்தக் குறுகிய வெளியிலேயே தம் கலையை அமைத்தனர் எனலாம்.

கோவென்ட்ரியின் அபாயச் சங்கு

1940 நவம்பர் 14 ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர்மீது விடியுமட்டும் குண்டுமாரி பொழிந்தன. 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடைக்காலத்தில் எழுந்த பேராலயம் எரிந்து, புறச்சுவர்களும் கோபுரமும் மட்டும் எஞ்சின. அந்நகரில் 1937 இல் பிறந்த டீலியா டெர்பிஷயர் அப்போது மூன்று வயதுக் குழந்தை. பின்னாளில் மின்னணு இசையின் தலைசிறந்த படைப்பாளருள் ஒருவராக மதிக்கப்பெற்ற அவர், தம் இசையின் வேர் எது என்று கேட்கப்பட்டபோது எந்த இசைமேதையின் பெயரையும் கூறவில்லை. போர்க்கால அபாயச் சங்கையே சுட்டினார். குழந்தைக்கு அவ்வொலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஆயினும் அதற்குப் பொருள் உண்டு என்பது தெரியும். ஏறி இறங்கி அலறினால் ஆபத்து. ஒரே சுருதியில் நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கிற்று. சொல் இல்லை, மெட்டு இல்லை. ஆனால் வாழ்வும் சாவும் அதில் அடங்கியிருந்தன. தமக்கு அதுவே மின்னணு இசை என்று அவர் கருதினார்.

பிறகு அவர் பிரெஸ்டன் என்னும் ஆலைநகரில் வளர்ந்தார். விடியற்காலையில் ஆலைத் தொழிலாளர் மரக்காலணிகளுடன் கல் பாவிய தெருவில் நடந்து செல்லும் ஓசையும் தம் செவியில் நிலைத்தது என்று அவர் கூறியதுண்டு. அங்கும் நடப்பவர் தெரிவதில்லை. படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கு ஓசை மட்டுமே எட்டுகிறது. மூலம் மறைந்து ஒலி மட்டும் வந்தடையும் இந்த அனுபவமே அவர் கலையின் திறவுகோல் ஆயிற்று.

பாரிசும் கொலோனும்

இவ்வனுபவத்தை முதலில் கலைக்கொள்கையாக்கியவர் பிரெஞ்சு வானொலியின் பொறியாளர் பியேர் ஷெஃபர். 1948 இல் அவர் பாரிசின் பத்தினோல் ரயில் நிலையத்தில் எஞ்சின்களின் ஓசையைப் பதிவு செய்து, அப்பதிவுகளை வெட்டியும் திருப்பியும் அடுக்கியும் ஒரு சிறு இசைப்படைப்பை உருவாக்கினார். அவ்வாண்டு அக்டோபர் 5 ஆம் நாள் அது வானொலியில் ஒலிபரப்பாயிற்று. மணியோசையைப் பதிந்து, அடிக்கும் முதற்கணத்தை மட்டும் நீக்கிவிட்டால் எஞ்சும் ஒலியைக் கேட்போர் மணியென்று அறியமாட்டார் என்பதையும் அவர் கண்டார். ஒலியின் பிறப்பை அழித்துவிட்டால் ஒலி அநாதையாகிறது. அநாதையான ஒலியை மனம் புதிதாக அறிய முயல்கிறது. பித்தாகரசின் மாணவர் திரைக்குப் பின்னிருந்து வரும் ஆசானின் குரலை மட்டும் கேட்டுப் பயின்றனர் என்னும் பழங்கதையை நினைவூட்டி, மூலம் காணாது கேட்கும் இம்முறைக்கு ஷெஃபர் பின்னர் விளக்கம் தந்தார்.

ஜெர்மனியின் கொலோன் வானொலியில் ஹெர்பர்ட் ஐமர்ட் முதலியோர் 1951 முதல் வேறொரு வழியை மேற்கொண்டனர். உலகின் ஓசைகளைப் பதிவதை விடுத்து, அலையியற்றிகள் எழுப்பும் சைன் அலைகளிலிருந்தே ஒலியைக் கட்டியெழுப்ப அவர்கள் முயன்றனர். இவ்விரு வழிகளையும் ஒன்றாக்கியவர் கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹௌசன். இவர் தாயார் மனநோய் இல்லத்தில் இருந்தவர். 1941 இல் நாஜி அரசு நோயுற்றோரைக் கொன்றொழித்த திட்டத்துக்குப் பலியானார். போரின் இறுதிக்கட்டத்தில் பதின்ம வயதினரான ஷ்டாக்ஹௌசன் படை மருத்துவமனையில் காயமுற்றோரைச் சுமக்கும் பணியில் இருந்தார். 1956 மே 30 ஆம் நாள் கொலோனில் அரங்கேறிய அவருடைய ‘இளைஞர் பாடல்’, தீச்சூளையில் எறியப்பட்டும் இறைவனைப் போற்றிய மூன்று இளைஞரைப் பற்றிய விவிலியக் கதையை அடிப்படையாகக் கொண்டது. ஒரு சிறுவனின் குரல் துண்டுதுண்டாக்கப்பட்டு மின்னொலிகளுடன் கலக்கப்பட்டுள்ளது. சில இடங்களில் சொல் தெளிவாகக் கேட்கிறது. அடுத்த கணம் அது வெறும் ஒலித்துளிகளாகச் சிதறுகிறது. அரங்கைச் சுற்றி வைக்கப்பட்ட ஒலிபெருக்கிகளிலிருந்து குரல் திசைமாறித் திசைமாறி வருகிறது. நெருப்பினுள் ஒரு குழந்தை நிற்பது போன்ற அந்தக் கேள்வி அனுபவத்தைப் போரின் நினைவிலிருந்து பிரித்துப் பார்ப்பது அரிது.

பதின்மூன்றாம் எண் அறை

பிரிட்டனில் இவ்விசை நாடகத்தின் வழியே நுழைந்தது. 1957 ஜனவரியில் சாமுவெல் பெக்கெட்டின் வானொலி நாடகமான ‘ஆல் தட் ஃபால்’ ஒலிபரப்பானபோது, காலடியும் ரயிலும் இயல்பாக ஒலிக்காமல் கனவில் கேட்பனபோல் ஒலிக்க வேண்டியிருந்தது. அப்பணியில் டெஸ்மண்ட் பிரிஸ்கோ ஈடுபட்டார். மனத்தினுள் நிகழ்வதைக் காட்டப் பழைய இசைக்குழுவின் வயலின்கள் போதா என்பது நாடகத் துறையினர்க்குப் புலனாயிற்று. 1958 ஏப்ரல் 1 ஆம் நாள் லண்டனின் மைடா வேல் கட்டடத்தில் பதின்மூன்றாம் எண் அறையில் ரேடியோஃபோனிக் பட்டறை தொடங்கப்பெற்றது. முன்னொரு காலத்தில் சக்கரச் சறுக்கு அரங்காக இருந்த கட்டடம் அது. பிற துறைகள் கழித்துவிட்ட கருவிகள், அலைவரிசைகளைச் சோதிப்பதற்கென்றே செய்யப்பட்ட அலையியற்றிகள், சில ஒலிநாடா எந்திரங்கள் ஆகியவையே அதன் செல்வம். பெயர் ‘பட்டறை’, அதன் வேலையோ ‘சிறப்பு ஒலி’ என்று வழங்கப்பட்டது. இசை என்னும் சொல்லை நிறுவனம் கவனமாகத் தவிர்த்தது.

பட்டறை தோன்ற முதற்காரணராக இருந்தவருள் ஒருவர் டாஃப்னி ஓரம். 1943 இல் பதின்ம வயதில் பி.பி.சி. பணியில் சேர்ந்த அவர், போர்க்காலத்தில் ராயல் ஆல்பர்ட் அரங்கின் இசை நிகழ்ச்சிகளின்போது ஒரு விந்தையான கடமையை ஆற்றினார். மேடையில் இசைக்குழு இசைக்கும்போதே அதே இசையின் இசைத்தட்டை அவர் மறைவில் இணையாக ஓடவிட வேண்டும். குண்டுவீச்சால் நிகழ்ச்சி தடைப்பட்டால் வானொலி நேயர்க்கு இசை அறுபடாமல் தட்டிலிருந்து தொடரும். அரங்கில் இசைக்குழு கலைந்தோட, வானொலியில் இசை மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கக்கூடிய ஒரு நிலைக்கு ஆயத்தமாக இருப்பதே அவர் தொழில். இத்தகைய பணியிலிருந்து ஒரு மின்னணு இசைக்கலைஞர் தோன்றியதில் வியப்பில்லை.

ஐம்பதுகளில் அவர் இரவில் ஒலிபரப்பு முடிந்தபின் பல அறைகளிலிருந்து நாடா எந்திரங்களை உருட்டி வந்து ஓரிடத்தில் சேர்த்து ஆய்வுகள் செய்வார். விடியுமுன் அவற்றை உரிய இடங்களில் வைத்துவிடுவார். 1949 இல் இரட்டை இசைக்குழுவையும் இசைத்தட்டு எந்திரங்களையும் இணைத்து அவர் இயற்றிய ‘ஸ்டில் பாயிண்ட்’ நிறுவனத்தால் ஏற்கப்படவில்லை. தாம் போராடிப் பெற்ற பட்டறையிலிருந்து 1959 இல் விலகி, கென்ட் மாவட்டத்தில் தனியே ஒரு கூடம் அமைத்தார். படச்சுருளில் மையால் கோடு வரைந்தால் அக்கோட்டின் வடிவமே ஒலியாக மாறும் ‘ஓராமிக்ஸ்’ எந்திரத்தை அங்கே உருவாக்கினார். 1961 இல் வெளிவந்த ‘தி இன்னொசென்ட்ஸ்’ என்னும் பேய்த் திரைப்படத்தில் நடுங்கவைக்கும் மின்னொலிகள் அவருடையவை. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை.

ஒரு நரம்பின் ஓசை

டெர்பிஷயர் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் கணிதமும் இசையும் பயின்றவர். 1959 இல் புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் வேலை கேட்டபோது, தங்கள் ஒலிப்பதிவுக் கூடங்களில் பெண்களை அமர்த்துவதில்லை என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. 1960 இல் பி.பி.சி.யில் சேர்ந்து, 1962 இல் விரும்பிக் கேட்டுப் பட்டறைக்குச் சென்றார்.

1963 இல் ‘டாக்டர் ஹூ’ என்னும் தொலைக்காட்சித் தொடர்க்கு ரான் கிரைனர் முகப்பிசை எழுதினார். அவர் கொடுத்தது ஒரே ஒரு தாள். சுரங்களுடன் காற்று, மேகம் போன்ற சொற்குறிப்புகளும் அதில் இருந்தன. அதனை ஒலியாக்கும் பொறுப்பு டெர்பிஷயருடையது. டிக் மில்ஸ் துணை நின்றார். அந்நாளில் விசைப்பலகையைத் தட்டினால் மின்னொலி தரும் சின்தசைசர் சந்தைக்கு வரவில்லை. பல தடங்களில் பதியும் எந்திரமும் அவர்களிடம் இல்லை. கட்டி நிறுத்திய ஒற்றை நரம்பை மீட்டிப் பதிவு செய்து, நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு சுரத்தையும் பெற்றனர். ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய நாடாத் துண்டை அளவெடுத்து, சவரத்தகட்டால் வெட்டி, வரிசையாக ஒட்டினர். சீற்றொலி வெள்ளை இரைச்சலை வடிகட்டிப் பெறப்பட்டது. வழுக்கிச் செல்லும் மேல்மெட்டு அலையியற்றியின் குமிழைக் கையால் திருகி எழுப்பப்பட்டது. இறுதியில் தனித்தனி நாடாக்களை வெவ்வேறு எந்திரங்களில் பூட்டி, ஒரே கணத்தில் ஓடவிட்டு ஒன்றாக்கினர். எங்கோ ஒரு சுரம் பிசகினால் நாடாக்களை அறை நீளத்துக்கு விரித்துத் தவறான ஒட்டைத் தேட வேண்டியிருந்தது.

முடிந்த படைப்பைக் கேட்ட கிரைனர், இதைத் தாமா எழுதினோம் என்று வியந்து வினவியதாகவும், பெரும்பகுதி அவருடையதே என்று டெர்பிஷயர் விடையிறுத்ததாகவும் கூறுவர். 1963 நவம்பர் 23 ஆம் நாள், அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்ட மறுநாள் மாலை, பிரிட்டனின் இல்லங்களில் அவ்விசை முதன்முறை ஒலித்தது. சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அத்தொடரைப் பார்த்ததாக நினைவுகூர்வது அங்கே ஒரு தலைமுறையின் பொதுவழக்காகிவிட்டது. ஒளிந்த குழந்தைகள் அறையை விட்டு ஓடிவிடவில்லை என்பது நோக்குதற்குரியது. சோஃபா அவர்களுக்கு அரண். அரணுக்குப் பின்னிருந்து அச்சத்தை எட்டிப்பார்ப்பது மருட்கை. அபாயச் சங்கு கேட்டு நிலவறைக்கு ஓடிய தலைமுறையின் பிள்ளைகள், அதே வகையான ஒலியை வாரந்தோறும் விரும்பி எதிர்நோக்கினர்.

1964 இல் பாரி பெர்மாஞ்சுடன் இணைந்து டெர்பிஷயர் ஆக்கிய ‘தி ட்ரீம்ஸ்’ என்னும் வானொலிப் படைப்பு இன்னும் ஆழமானது. சாதாரண மக்கள் தாம் கண்ட கனவுகளைச் சொல்லும் குரல்கள் பதிவு செய்யப்பட்டு, ஓடுதல், வீழ்தல், நிலம், கடல், நிறம் எனப் பிரித்து அடுக்கப்பட்டன. ஒருவர் தொடங்கிய கனவை மற்றொருவர் தொடர்வதுபோல வாக்கியங்கள் வெட்டி ஒட்டப்பட்டன. அவற்றின் அடியில் மெல்லிய மின்னொலி விடாது தவழ்கிறது. துரத்துவது யார் என்று கனவு கண்டோர்க்குத் தெரியாது; கேட்போர்க்கும் தெரியாது. தமக்கே உரியது என்று ஒவ்வொருவரும் மறைத்து வைத்த அச்சம் முன்பின் அறியாதார் பலர்க்கும் உரியது என்பதை அப்படைப்பு உணர்த்துகிறது. கலக்கம் தரும் கலையின் ஆறுதல் இதுவே. அச்சத்தை அது போக்குவதில்லை. அச்சத்தில் ஒருவர் தனித்திருக்கும் நிலையைப் போக்குகிறது.

அவர் வெறும் அச்சத்தை மட்டும் நாடியவர் அல்லர். சகாராவின் துவாரெக் மக்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குப் பச்சை நிற உலோக விளக்கு மூடி ஒன்றைத் தட்டி, அடியின் முதற்கணத்தை நீக்கி, எஞ்சிய ரீங்காரத்தின் அதிர்வெண்களைப் பகுத்து, அவற்றை அலையியற்றிகளால் மீண்டும் கட்டினார். பாலையின் வெம்மையும் விரிவும் அவ்வொலியில் புலப்படுகின்றன. மேசைமேல் கிடந்த எளிய பொருளிலிருந்து எல்லையற்ற நிலத்தைத் தோற்றுவித்த இச்செயல், சிறுமையும் பெருமையும் மருட்கைக்குக் களன் என்ற கருத்துக்குத் தக்க சான்றாகும்.

மறைக்கப்பட்ட மூலம்

மூலமறியாமை இவ்விசையின் அழகு. ஆனால் அதே மூலமறியாமை இதனை ஆக்கியோர்க்கு அநீதியாகவும் முடிந்தது. ‘டாக்டர் ஹூ’ முகப்பிசையின் உரிமைத்தொகையைத் தம்முடன் டெர்பிஷயரும் பெறவேண்டும் என்று கிரைனர் விரும்பினார். நிறுவன விதி இடம் தரவில்லை. திரையில் கிரைனர் பெயரும் பட்டறையின் பெயரும் வந்தன. அவர் பெயர் வரவில்லை. அமெரிக்காவிலும் இத்தகைய நிலையே இருந்தது. 1956 இல் வெளிவந்த ‘ஃபர்பிடன் பிளானெட்’ திரைப்படத்துக்கு லூயி பேரன், பீபி பேரன் இணையர் முழுமையாக மின்னொலிகளாலேயே இசையமைத்தனர். இசைக்கலைஞர் சங்கத்துடன் எழுந்த சிக்கலால் அது பெயர்ப்பட்டியலில் இசை என்று குறிக்கப்பெறாமல் ‘மின்னணுத் தொனிகள்’ என்றே குறிக்கப்பெற்றது.

டெர்பிஷயர் 1973 இல் பி.பி.சி.யை விட்டு நீங்கினார். பின்னர் நெடுங்காலம் இசையுலகிலிருந்து ஒதுங்கி வாழ்ந்தார். பட்டறை 1998 இல் மூடப்பெற்றது. 2001 ஜூலை 3 ஆம் நாள் அவர் மறைந்தபின், வீட்டின் பரணில் 267 ஒலிநாடாக்கள் இருந்தமை தெரியவந்தது. அவை இன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் உள்ளன. 2013 இல் அத்தொடரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுச் சிறப்புப் பகுதியில்தான் அவர் பெயர் முதன்முறையாகத் திரையில் இடம்பெற்றது. டாஃப்னி ஓரமின் ‘ஸ்டில் பாயிண்ட்’ அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 இல் லண்டனில் முதன்முறையாக மேடையேறியது. இயற்றப்பட்டதற்கும் கேட்கப்பட்டதற்கும் இடையே கழிந்தவை 67 ஆண்டுகள். 2018 இல் அது ராயல் ஆல்பர்ட் அரங்கிலும் ஒலித்தது. இளமையில் இசைத்தட்டுடன் அவர் மறைந்திருந்து பணிபுரிந்த அதே அரங்கு அது.

இம்மறதி ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969 இல் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடரின் துணையுடன் மூக் சின்தசைசர் கொண்ட மின்னணு இசைக்கூடம் ஒன்று அமைக்கப்பெற்றது. கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியக் கலைஞர் சிலர் அங்கே சோதனைப் படைப்புகளை உருவாக்கினர். சில ஆண்டுகளில் அப்பணி நின்றது. நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் உறங்கின. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப்பின் பால் பர்கஸ் என்னும் கலைஞர் அவற்றை வெளிக்கொணர, 2023 இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. இந்தியாவில் இத்தகைய இசை அந்நாளில் இருந்ததில்லை என்ற எண்ணம் அதனால் பொய்யாயிற்று.

நிறைவாக

விந்தையான மின்னணு இசையின் ஈர்ப்புக்குப் புதுமை வேட்கை மட்டும் காரணம் எனல் பொருந்தாது. அதனை ஆக்கியோருள் பலர் போரின் ஓசைகளுக்கிடையே வளர்ந்தவர். தம்மை நடுங்கவைத்த ஓசையின் இயல்பை அறிந்து, அதைக் கையால் வெட்டியும் ஒட்டியும் தம் ஆளுகைக்குக் கொணர்ந்தவர். கேட்போரும் அவ்வழியே செல்கின்றனர். முதலில் என்ன ஒலி இது என்னும் திகைப்பு. பின்பு கூர்ந்து கேட்டல். பின்பு அச்சம் மருட்கையாகக் கனிதல். பழகிய இசை கேட்போரைத் தாலாட்டுகிறது. பழகாத இசை அவர்களை விழித்திருக்கச் செய்கிறது. இரண்டும் மனிதர்க்கு வேண்டும்.

ஒலியின் மூலத்தை மறைத்தல் கலையாகலாம். ஒலித்தவரின் பெயரை மறைத்தல் கலையாகாது. கோவென்ட்ரியின் மூன்று வயதுக் குழந்தைக்கு அலறல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அக்குழந்தை வளர்ந்து எழுப்பிய ஒலி யாருடையது என்று உலகம் அறிய அரை நூற்றாண்டு ஆயிற்று. பரண்களிலும் காப்பகங்களிலும் இன்னும் திறக்கப்படாத நாடாப் பெட்டிகள் இருக்கக்கூடும். அவற்றின் காந்தப் பூச்சு உதிர்வதற்குள் செவிசாய்ப்பது வரலாற்றின் கடமை.